கூஜாவில் மிச்சம்

1898 பிப்ரவரி 23, சாம்பல் புதன்

லெந்து என்னும் நாற்பது நாள் நோன்பில் சிலர் இறைச்சியை விடுவார்கள், சிலர் வெற்றிலையை விடுவார்கள். நான் எதையும் விடாமல் ஒன்றைப் பிடித்துக்கொள்வோம் என்று முடிவு செய்தேன்: ஈஸ்டர் வரை நாட்குறிப்பு. சற்குணத்திடம் சொன்னேன். "ஆட்டுக்கறிய விடுததுக்கு மனசு வரல, அதான்" என்றாள். மனைவிக்கு முன்னால் யாரும் பரிசுத்தவான் ஆக முடியாது.

பெயர் ஞானசிகாமணி. எப்ரோன்புரம் மிஷன் கல்லூரியில் ரசாயன ஆசிரியன். இந்த வட்டாரத்தில் ரசாயனத்துக்கென்று தனி அறை வைத்திருக்கும் தமிழன் நான் ஒருவன்தான். பெருமைக்காக எழுதவில்லை, உண்மை என்பதால் எழுதுகிறேன். புது மாணவர்களிடம் தராசைத் தூக்கிக் காட்டி, "கர்த்தர் எதையும் கண்ணளவில் செய்யவில்லை, எடை போட்டுத்தான் செய்தார்" என்பேன். உப்பில் எந்தச் சரக்கு எத்தனை பங்கு என்பது இங்கேயும் ஒன்றுதான், சீமையிலும் ஒன்றுதான். எனக்கு அதுவே பாதி விசுவாசம்.

காலை ஆராதனைக்குப் போனேன். குருவானவர் மாசிலாமணி ஐயா ஜெபப் புத்தகத்தின் தாளைப் புரட்ட முடியாமல் தடுமாறினார். வலது கை மணிக்கட்டோடு தொங்குகிறது. பிரசங்கம் வரைக்கும் இருந்துவிட்டு எழுந்து வந்தேன். ரசாயன அறையில் விளக்கை அணைத்தேனா என்று சந்தேகமாக இருந்தது.

அணைத்துத்தான் இருந்தது.

பிப்ரவரி 25

குருவானவரைப் பார்க்கப் போனேன். மனைவியை இழந்தவர், பிள்ளையில்லாதவர். கோயில்பிள்ளை யோபுதான் அவருக்கும் சமைக்கிறான், கோயிலுக்கும் மணி அடிக்கிறான்.

"வாரும் சிகாமணி! ரசாயனத்துக்கு இன்னைக்கு லீவா?"

"உங்க கையப் பாக்க வந்தேன் ஐயா."

"பாரும். கர்த்தர் தந்த கைதான். இப்பம் அவரே திருப்பிக் கேக்காரு போல."

வயிற்றைப் பிடித்துப் பிசைகிற வலி, மலம் கட்டிக்கொள்வது, வாயில் இரும்பு மாதிரி ருசி. எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பில்தான் பார்த்தேன். ஈறுகளின் ஓரத்தில், பல்லை ஒட்டி, நீலமும் கறுப்புமாக மெல்லிய கோடு. அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவர்களுக்கும் வர்ணம் அடிப்பவர்களுக்கும் அந்தக் கோடு வரும். உடம்பில் காரீயம் சேர்கிறது என்று அர்த்தம்.

மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரிடம் ஓடினேன். அவர் வாதம் என்று சொல்லித் தைலம் கொடுத்திருந்தார். என்னோடு வந்து ஈறுகளைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. காரீயம் எந்த வழியாக உள்ளே போகிறது என்று கண்டுபிடியுங்கள், வழி அடைபடாவிட்டால் எந்த மருந்தும் வீண், கைக்கு வந்தது அடுத்து மூளைக்குப் போகும், வலிப்பு வந்தால் ஆள் பிழைக்கமாட்டார் என்றார். கண்டுபிடிக்க வேண்டியவன் நான்.

பிப்ரவரி 27, ஞாயிறு

தலைவலி. பிரசங்கம் முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 3

குருவானவர் வாய்க்குள் போவது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதிப்பது என்று தொடங்கிவிட்டேன். முறை எளிது. பொருளை வற்றக் காய்ச்சி, கருக்கி, மிஞ்சியதை அமிலத்தில் கரைத்து வடிகட்டி, அதில் அயோடைடு உப்பு நீரைச் சொட்ட வேண்டும். காரீயம் இருந்தால் மஞ்சள் நிறம் மலரும். கண்ணுக்கு அவ்வளவு அழகான மஞ்சள் வேறு எதிலும் கிடையாது.

கிணற்றுத் தண்ணீர்: மஞ்சள் இல்லை. மூக்குப்பொடி: இல்லை. போன வருடம் யாரோ வைத்தியர் கொடுத்த செந்தூரத்தைத்தான் பெரிதும் நம்பினேன். அதுவும் வெறும் இரும்பு. யோபுவின் அடுப்படியில் இருந்த பித்தளைப் பாத்திரங்களின் உட்பூச்சைச் சுரண்டினேன். நல்ல வெள்ளீயம். "எல்லாத்தையும் சொரண்டிட்டுப் போறீகளே, திரும்ப யாரு பூசுவா?" என்று யோபு பின்னாலேயே வந்தான்.

மார்ச் 5

வீட்டில் பெரிய சண்டை. வயிற்றுவலியில் வாடும் குருவானவருக்கு என்று சற்குணம் வாரம் இரண்டு முறை கஞ்சி அனுப்புவாள். அந்தத் தூக்குச்சட்டியை, அவள் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போது, சத்தமில்லாமல் எடுத்துப் போய்ச் சோதித்தேன். குற்றமில்லை. திரும்பக் கொண்டுவந்து வைக்கும்போது பிடிபட்டேன்.

"என் சட்டியவா சோதிச்சீக?"

"எல்லாத்தையும் சோதிக்கணும் சற்குணம். விஞ்ஞானத்துல உறவு கிடையாது."

"அப்பம் ராத்திரிக் கஞ்சியும் விஞ்ஞானத்துக்கிட்டயே கேட்டுக் குடிங்க."

பட்டினி கிடக்கவில்லை. ஆனால் ஊறுகாய் வரவில்லை.

மார்ச் 6, ஞாயிறு

மழை வரும்போல இருந்தது. குடை கொண்டுபோகவில்லை. பிரசங்கம் முடிந்ததும் வந்துவிட்டேன். மழை வரவில்லை.

மார்ச் 9

இந்தக் குறிப்பை என் பிள்ளைகள் பின்னால் படித்தால் புரியவேண்டும் என்பதற்காக ஒரு சங்கதியை எழுதி வைக்கிறேன். எனக்குச் சம்பந்தம் இருப்பதால் அல்ல.

எங்கள் சபையில் தெற்குத்தெரு, வடக்குத்தெரு என்று இரண்டு தெரு. நாங்கள் தெற்கு. நற்கருணை ஆராதனையில், பீடத்தின் முன் முழங்காலிட்டு எல்லோரும் ஒரே பாத்திரத்தில் ஒரு வாய் திராட்சரசம் பருகுவது முறை. ஆனால் தெற்குத்தெருவார் எல்லோரும் பருகி முடித்த பிறகுதான் வடக்குத்தெருவார் எழுந்து வருவார்கள். எங்கள் தாத்தா காலத்திலிருந்து அப்படி. சென்ற லெந்தில் குருவானவர் அந்த வரிசையை எடுத்துவிட்டார். முதலில் எழுந்து வருகிறவர் முதலில் பருகலாம் என்றார். அன்று முதல் எங்கள் தெரு பிரசங்கம் முடிந்ததும் எழுந்து வெளியே போய்விடுகிறது. ஒரு வருடம் ஆயிற்று.

நான் ரசாயனம் படித்தவன். ஒருவன் இரத்தத்துக்கும் இன்னொருவன் இரத்தத்துக்கும் எந்தப் பரிசோதனையிலும் வித்தியாசம் காட்ட முடியாது என்று வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன். எனக்குக் குருவானவரோடு எந்த வழக்கும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதோ ஒன்று வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

மார்ச் 12

திராட்சரசத்தைச் சோதிக்க வேண்டும் என்று தோன்றியது. எனக்கே என் புத்திக்கூர்மை பிடித்துப்போயிற்று. யோபுவிடம் முத்திரை உடைக்காத புட்டி ஒன்றை வாங்கிச் சோதித்தேன். மஞ்சள் இல்லை. சுத்தமான ரசம். ஆக அதுவும் இல்லை.

மார்ச் 13, ஞாயிறு

வயிறு சரியில்லை. சீக்கிரம் வந்துவிட்டேன்.

மார்ச் 17

நேற்று புதன் ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போன குருவானவர் வாசற்படியிலேயே சுருண்டு விழுந்துவிட்டாராம். இடது மணிக்கட்டும் தளரத் தொடங்கியிருக்கிறது. டாக்டர் பேதி உப்பு கொடுத்திருக்கிறார், அயோடைடும் கொடுக்கிறார். நான் சோதனைக்குப் பயன்படுத்தும் அதே உப்புதான் அவருக்கு மருந்து. நான் கொண்டுபோய்க் கொடுத்தபோது குருவானவர், "உம்ம சரக்கையே எனக்கு ஊட்டுதீரா?" என்றார். கையில் வாங்க முடியவில்லை. நான்தான் வாயில் ஊற்றினேன்.

வெளியே வந்து புளியமரத்தடியில் நின்று அழுதேன். என் தகப்பனார் கடன்காரர்களுக்குப் பயந்து ஓடியபோது என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டவர் இவர்தான். தராசு என்றால் என்ன என்று காட்டிக்கொடுத்த முதல் மனிதரும் இவர்தான்.

மார்ச் 20, ஞாயிறு

தலைவலி.

கோயில் வாசலில் எலியேசர் பெரியப்பா பிடித்துக்கொண்டார். தெற்குத்தெருவில் அவர் சொல்தான் சொல்.

"ஏலே சிகாமணி, ஒம் பொண்டாட்டி இன்னும் அங்கன போயி மண்டி போடுதாளாமே?"

"அவ பொம்பளைங்க பக்கம் இருக்கா பெரியப்பா. நான் பாக்கதில்ல."

"பொம்பளைக்குப் புத்தி அம்புட்டுத்தான். நீயாவது நம்ம தெரு மானத்தக் காப்பாத்துதியே, அது போதும்."

தலைவலியால்தான் எழுந்து வந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு எதற்கு வீண் பேச்சு என்று விட்டுவிட்டேன். என் தங்கையின் கல்யாணத்தைப் பேசி முடிப்பவர் அவர்.

மார்ச் 27, ஞாயிறு

வெயில்.

ஏப்ரல் 1

சோதிக்க இனி ஒன்றும் மிச்சமில்லை. சோப்பு, மெழுகுவத்தி, பேனா மை, தலையணைப் பஞ்சு வரைக்கும் பார்த்தாயிற்று. இன்று மாலை திண்டாடிப்போய்ச் சற்குணத்திடம் புலம்பினேன். அவள் மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

"அவுக வாய்க்குள்ள போற எல்லாத்தையும் பாத்துட்டேன்."

"ஞாயித்துக்கிழம குடிக்கதையுமா?"

"அதையும்தான். புட்டியையே சோதிச்சேன்."

"புட்டியில இருந்தா குடிக்காவ? கூஜாவுல இருந்துல்லா பாத்திரத்துக்கு ஊத்துதாவ."

"கூஜாவா இருந்தா என்ன? ஒரு வாய்தானே."

அரிவாள்மனையிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஒரு வாயா? நீங்க கடைசியா எப்பம் பாத்தீக?"

 நான் வாய் திறக்குமுன் அவளே சொன்னாள்.

"சனிக்கிழம சாயங்காலமே யோபு கூஜா நெறைய ஊத்தி வச்சிருவான். ஞாயித்துக்கிழம வடக்குத்தெரு ஆளுகளும் என்னைய மாதிரி ஒண்ணு ரெண்டு பொம்பளைகளும்தான் போறோம். முக்கால் கூஜா மிச்சம். ஜெபம் பண்ணி அர்ப்பணிச்ச ரசத்த வெளிய கொண்டு போகக் கூடாது, கொட்டவும் கூடாதுல்லா? மிச்சம் அம்புட்டையும் அவுகளே குடிக்காவ. ஊத்தி ஊத்திக் குடிக்காவ. முடிக்கதுக்குள்ள கை நடுங்கும். பாக்க மனசு கேக்காம நாங்க தலையக் குனிஞ்சுக்கிடுவோம். லெந்துல புதன்கிழமையும் இதே கததான்."

"இத ஏன் எங்கிட்ட முன்னாலயே சொல்லல?"

"உங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன். கோயில்ல இருக்க எல்லாருக்கும் தெரியுமே."

மீன் குழம்பு நன்றாக இருந்ததாக நினைவு.

ஏப்ரல் 2, சனி

அந்தக் கூஜாவை எனக்கு நன்றாகத் தெரியும். சீமைக்குத் திரும்பிப்போன மிஷனெரி ஒருவர் விட்டுப்போனது. சாம்பல் நிறம், தேய்த்தால் வெள்ளி மாதிரி மின்னும். வெள்ளீயம் என்றே எல்லோரும் நினைத்திருக்கிறோம். ஆனால் சீமையில் பழைய நாளில் வெள்ளீயத்தோடு காரீயத்தைக் கலந்து கூஜா வார்ப்பதுண்டு. புளிப்புள்ள ரசம் ஓர் இரவு முழுவதும் அதில் நின்றால் காரீயத்தை இழுத்துக்கொள்ளும். புட்டியைச் சோதித்தவன் கூஜாவைச் சோதிக்கவில்லை. பிரசங்கத்தோடு எழுந்து போகிறவனுக்குக் கூஜாவில் மிஞ்சுவது எப்படித் தெரியும்?

குருவானவரிடம் போனேன். படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, எதுக்கு கூஜா நெறைய ஊத்தச் சொல்லுதீக? வாரவுக கொஞ்சம் பேருதானே?"

"சபையில எத்தன பேரு உண்டோ அத்தன பேருக்கும் ஊத்துதேன்."

"வரமாட்டாவன்னு தெரிஞ்சுமா?"

"கொறச்சு ஊத்துனா, நீங்க யாரும் வரமாட்டீயன்னு நானே முடிவு கட்டுன மாதிரி ஆயிரும்லா? அது கர்த்தரோட பந்தி. ஆளப் பாத்து அளக்க நான் யாரு?"

நீங்க என்றார். அவுக என்று சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

கூஜாவின்மேல் எனக்கு இருக்கும் சந்தேகத்தைச் சொல்லி, நாளைக்கு வேறு பாத்திரம் வையுங்கள் என்றேன். "சந்தேகத்துக்காகவா? அது நம்ம சபைக்கு வந்த காணிக்க. நீரு சோதிச்சுப் பாரும். காரீயந்தான்னு ஆராதனைக்கு முந்தி வந்து ஒரு வார்த்த சொல்லும், அப்பமே மாத்திருவேன்" என்றார். நாளைக் காலையில் யோபு எனக்கு அந்தக் கூஜாவிலிருந்து ஒரு கரண்டி ரசம் தருவான்.

ஏப்ரல் 3, குருத்தோலை ஞாயிறு

நடந்தவற்றை வரிசை மாறாமல் எழுதப் பார்க்கிறேன்.

விடியும் முன்பே யோபுவிடம் ரசத்தை வாங்கிக்கொண்டு ரசாயன அறைக்குப் போனேன். வழக்கம்போல முழங்காலிட்டு ஜெபித்தேன். என்ன ஜெபித்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. மஞ்சள் வரக்கூடாது என்று ஜெபித்தேன். காய்ச்சி, கருக்கி, கரைத்து, வடிகட்டி, அயோடைடைச் சொட்டினேன். சாமந்திப்பூ மாதிரி மஞ்சள்.

அப்போதே ஓடியிருக்க வேண்டும். முதல் மணிகூட அடிக்கவில்லை. ஆனால் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று இன்னொரு முறையில் சோதித்தேன். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயுவை உள்ளே செலுத்தினேன். கரிக்கறுப்பு. அதற்குப் பிறகும் மூன்றாவது சோதனை செய்தேன். மூன்றாவதற்கு ஒரு தேவையும் இல்லை. கூஜாவில் காரீயம் இல்லை என்று ஏதாவது ஒரு சோதனை சொல்லாதா என்று இருந்தது. கூஜா குற்றவாளி என்றால், அதை ஒற்றை ஆளாகக் குடிக்கவைத்தவர்கள் யார் என்ற அடுத்த கேள்விக்கு எந்தச் சோதனைக்குழாயும் தேவைப்படாது.

நான் போய்ச் சேர்ந்தபோது எங்கள் தெருவார் ஏற்கெனவே வெளியே வந்து, குருத்தோலைப் பவனிக்காக முற்றத்தில் காத்திருந்தார்கள். உள்ளே அர்ப்பண ஜெபம் முடிந்திருந்தது. வடக்குத்தெருவார் பருகிக்கொண்டிருந்தார்கள். நடுவழியில் நேராக நடந்து பீடத்தருகே போய்க் குருவானவர் காதில் சொன்னேன்.

"ஐயா, காரீயந்தான். மிச்சத்தக் குடிச்சிராதீக."

அவர் கூஜாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பிந்திட்டீரே சிகாமணி. அர்ப்பணிச்சாச்சு. இனி மண்ணுல ஊத்த மாட்டேன்."

"உங்க உசிருக்கு ஆபத்து ஐயா."

"கலங்காதேயும். இன்னைக்கு ஒரு நா குடிச்சுக்கிடுதேன்."

அடுத்து வருவது வலிப்பு என்று டாக்டர் சொன்னதை, அதற்கு இன்று ஒரு நாள் போதும் என்பதை, இவரிடம் எப்படிச் சொல்வது? அந்த நேரத்தில்தான் என் தலைக்குள் கணக்கு ஓடியது. வாழ்நாள் முழுக்கச் செய்த கணக்குதான். அந்தக் கூஜாவில் இருப்பது ஒருவர் குடித்தால் நஞ்சு. சபை முழுவதும் ஆளுக்கு ஒரு வாய் குடித்தால் அது யாரையும் ஒன்றும் செய்யாது.

வெளியே ஓடினேன். முற்றத்தில் நின்று கத்தினேன். நான் அப்படிக் கத்தியதே இல்லை.

"கூஜாவுல காரீயம் இருக்கு! ஐயா கை போனது அதுனாலதான். மிச்சத்த அவுகதான் குடிக்கப் போறாவ. எல்லாரும் உள்ள வாங்க, ஆளுக்கு ஒரு வாய் குடிச்சா தீந்துரும்."

எலியேசர் பெரியப்பா முன்னால் வந்தார். "வெசம்னும் சொல்லுத, குடிக்கவும் கூப்பிடுத. ஒனக்கென்ன கிறுக்கால?"

"ஒரு வாய்ல ஒண்ணும் ஆகாது பெரியப்பா. நான் படிச்ச படிப்பு மேல சத்தியம். ஒரே ஆளு முழுக் கூஜாவையும் குடிக்கதுதான் வெசம். நாம குடிக்காம விட்டதத்தான் ஒரு வருசமா அவுக குடிக்காவ."

நாம என்றுதான் வாயில் வந்தது.

யாரும் அசையவில்லை. நான் மட்டும் திரும்பி உள்ளே போய் முழங்காலிட்டேன். எனக்கு முன்னால் பருகியவர் வடக்குத்தெரு மோயீசன், என் ரசாயன அறையைப் பெருக்குகிறவர். அவர் உதடு பட்ட இடத்தைக் குருவானவர் துணியால் துடைக்கக் கையை உயர்த்தினார். கை உயரவில்லை. "அப்படியே தாங்க ஐயா" என்றேன். குடித்தேன். இனித்தது. காரீயம் கலந்த ரசம் இனிக்கும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன், இன்றுதான் நாக்கு அறிந்தது.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பக்கத்தில் வந்து முழங்காலிட்டது பெரியம்மா, எலியேசர் பெரியப்பாவின் மனைவி. கையில் இருந்த குருத்தோலையை மடியில் வைத்துக்கொண்டு, "நகந்துக்கோடே" என்றாள். அவளுக்குப் பின்னால் கல்லூரி எழுத்தர், பிறகு இரண்டு உபாத்தியாயர்கள், பிறகு எண்ணவில்லை. எல்லோரும் வரவில்லை. பாதித் தெரு வந்திருக்கும். அப்படியும் ரசம் மிஞ்சியது. பருகியவர்களையே குருவானவர் மறுபடி அழைத்தார். மோயீசனும் பெரியம்மாவும் சற்குணமும் நானும் இன்னொரு வாய் குடித்தோம். கடைசியில் அவருக்கு மிஞ்சியது ஒரே ஒரு வாய்.

 மதியம் இலையில் ஊறுகாய் இருந்தது.

ஏப்ரல் 6

தங்கையின் சம்பந்தத்தை நிறுத்திவிட்டதாகப் பெரியப்பா சொல்லி அனுப்பியிருக்கிறார். தங்கையிடம் சொன்னேன். அழுதாள். பிறகு அந்த மாப்பிள்ளைக்குக் காது கொஞ்சம் மந்தம் என்றாள். கூஜாவை யோபு பழந்துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டான். ஞாயிற்றுக்குப் பிறகு குருவானவருக்கு வயிற்றுவலி வரவில்லை. கை திரும்ப மாதக்கணக்கில் ஆகும், திரும்பாமலும் போகலாம் என்கிறார் டாக்டர்.

ஏப்ரல் 10, ஈஸ்டர்

ரசாயன அறையில் பெரிய கண்ணாடி ஜாடி ஒன்று இருந்தது. சீமையிலிருந்து புதிதாக வந்தது, அமிலம் பட்டதே இல்லை. அதைக் கோயிலுக்குக் கொடுத்தேன். நான் கழுவியதை நம்பாமல் சற்குணம் சாம்பல் போட்டு மறுபடி தேய்த்தாள். கண்ணாடியிலிருந்து ரசம் எதையும் இழுக்காது.

குருவானவர் இன்றும் சபை முழுவதற்குமாக ஊற்றச் சொன்னார். ஆளைப் பார்த்து அளக்கவில்லை. ஆனால் பழைய கூஜாவில் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இது கண்ணாடி. ஜன்னல் வெளிச்சத்தில் ரசத்தின் மட்டம் கடைசி வரிசைக்கும் தெரிந்தது. ஒவ்வொருவர் எழுந்து வரும்போதும் அது கொஞ்சம் இறங்குவதைச் சபை முழுவதும் பார்த்தது.

பிரசங்கம் முடிந்ததும் சிலர் வழக்கம்போல எழுந்து போனார்கள். எலியேசர் பெரியப்பா எழுந்து போகவில்லை. முன்னாலும் வரவில்லை. தன் இடத்திலேயே உட்கார்ந்து ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் பருகிய பிறகும் அடியில் கொஞ்சம் இருந்தது. குருவானவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். போய் முழங்காலிட்டேன். அவர் கைகளுக்குக் கீழே என் கையைக் கொடுத்துப் பாத்திரத்தைத் தாங்கிக்கொண்டேன். அவர் ஒரு வாய் குடித்தார். மிச்சத்தை நான் குடித்தேன். பெரியப்பாவின் பங்கு என்று நினைத்துக்கொண்டேன்.